மர்ட்டில்–பிராட்வே நிலையத்தின் மேல்தளம்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஜே லைன் பயணி:
நியூயார்க்கின் புரூக்ளினில், இந்த நிலையத்தில் ஜே ரயிலிலிருந்து எம் ரயிலுக்கு மாறுகிறவர்கள் தலைக்கு மேலே குறுக்கே போகும் அந்தத் துருப்பிடித்த மேடையைப் பார்த்திருப்பீர்கள். பழைய மர்ட்டில் லைனின் மேடை அது, 1969 அக்டோபர் 4-ல் மூடியது, இன்னும் நிற்கிறது. போன குளிர்காலத்தில் நான் அண்ணாந்து பார்ப்பதைக் கவனித்த ஒரு பெரியவர், கைத்தடியை மேற்கே நீட்டி, "சம்னர், டாம்ப்கின்ஸ், நாஸ்ட்ரண்ட், ஃபிராங்க்ளின்" என்று நிலையங்களை ஒரே மூச்சில் சொன்னார். சின்ன வயதில் அம்மாவோடு ஜே ஸ்ட்ரீட் வரை போவாராம். அதில் ஒரு நிலையம்கூட இன்று இல்லை. சம்னர் அவென்யூவே இப்போது மார்கஸ் கார்வி புலவார்டு. கூட்டம் இல்லாமல் மூடிய லைன் என்கிறார்கள், அவருக்கு ஐம்பது வருடம் கழித்தும் வரிசை மறக்கவில்லை. அந்தக் குரல் என்னை விடமாட்டேன் என்கிறது.

புஷ்விக்வாசி:
எனக்கு நடந்தது ராத்திரி. சென்ட்ரல் அவென்யூ தாண்டி எம் வளைந்து இறங்கும் இடம் தெரியுமல்லவா, ஜே போகட்டும் என்று அங்கே நிறுத்திவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே அந்த மேடை. "அந்த ஸ்டேஷனில் மட்டும் ஏன் லைட் இல்லை?" என்று என் மகள் ஆங்கிலத்தில் சத்தமாகக் கேட்டாள். போனில் மூழ்கியிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து வெளியே பார்த்தார்கள். ரயில் நகர்ந்த பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

பழைய தண்டவாளம்:
ஜே லைன் பயணி, கூட்டம் குறைந்தது பாதிக் காரணம்தான். அது 1888-ல் திறந்த லைன். கனமான எஃகுப் பெட்டிகளைத் தாங்கும்படி பிராட்வே தெருவுக்கு மேற்கே இருந்த அந்தப் பகுதியை வலுப்படுத்தவே இல்லை. அதனால்தான் கடைசி நாள் வரை மரப் பெட்டிகள் ஓடின. நியூயார்க்கில் கடைசியாக ஓடிய மரப் பெட்டிகளும் அவைதான். பிராட்வேக்குக் கிழக்கே வலுவாகக் கட்டியிருந்ததால் எம் இன்றும் ஓடுகிறது. மேற்கேயும் அதே செலவைச் செய்திருந்தால் பிழைத்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: மிடில் வில்லேஜிலிருந்து வரும் எம்மில் முதல் பெட்டியில் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். வளைவு வருவதற்கு முன்பே கேமராவைத் தயாராக வையுங்கள், சில நொடிதான் கிடைக்கும். மேலே ஏற வழி தேடாதீர்கள், கீழ் மேடையிலிருந்தே நன்றாகத் தெரியும். அப்புறம் டிரான்ஸிட் மியூசியத்துக்குப் போங்கள். 1946-ல் மூடிய கோர்ட் ஸ்ட்ரீட் நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது. மர்ட்டில் லைனில் ஓடிய மரப் பெட்டி ஒன்று அங்கே நிற்கிறது, 1939 உலகக் கண்காட்சிக்காக மாற்றியமைத்த வகை. குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

ஜே லைன் பயணி:
மியூசியம் பார்த்திருக்கிறேன், நன்றி. ஆனால் அந்த வழிக்கு இன்று பி54 பஸ்தான். சாயங்காலம் அதில் நின்றபடி போய்ப் பாருங்கள், கூட்டம் குறைந்தது என்பதைப் பாதிக் காரணமாகக்கூட ஏற்க மாட்டீர்கள். அந்த மரப் பெட்டியில் போனவர் யாரையாவது தெரிந்தால் பேசி, அவர் சொல்வதை இங்கே எழுதுங்கள்.