ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகும் தீராத வலி: ஸ்டிமுலேட்டர் வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வலது பக்கம் மெஷ் (வலை) வைத்து ஆபரேஷன் முடிந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, தையல் ஆறிவிட்டது, ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை, ஆனால் தொடையிடுக்கில் சுரீரென்று இழுக்கிற வலி மட்டும் விட்டபாடில்லை. துணி உரசினாலே உயிர் போகிறது. நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை போட்டால் தூக்கம்தான் வருகிறது. நரம்பை மரக்கவைக்கும் ஊசியில் கொஞ்ச நாள் நிம்மதி, அப்புறம் பழைய கதைதான்.

இப்போது தண்டுவட ஸ்டிமுலேட்டர், அதாவது லேசான மின்சாரத்தால் வலியை மட்டுப்படுத்தும் கருவி, வைக்கலாம் என்கிறார் டாக்டர். முதலில் மெல்லிய ஒயரை முதுகெலும்புக்குள் தண்டுவடத்தின் மேலுறையை ஒட்டிச் செலுத்தி, பேட்டரியை வெளியே வைத்து ஒரு வாரம் போலச் சோதிப்பார்களாம், வலி பாதியாவது குறைந்தால்தான் தோலுக்கடியில் நிரந்தரமாகப் பொருத்துவார்களாம். சோதித்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தொடையிடுக்கு வலிக்கு, நரம்பு வேர் முடிச்சைத் தூண்டும் டிஆர்ஜி வகைதான் இடம் பார்த்து வேலை செய்யும் என்றும் சொல்கிறார்கள். நீங்கள் எதை வைத்துக்கொண்டீர்கள்? ஒயர் நகர்ந்ததா? பின்னால் எம்ஆர்ஐ எடுக்க முடிந்ததா? இதற்குப் பதிலாக நரம்பையே வெட்டியெடுத்தவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். வலி முழுசாகப் போக வேண்டாம், நிம்மதியாக உட்கார்ந்து எழுந்தால் போதும். ஒத்தடம், தைல யோசனைகள் மட்டும் வேண்டாமே, ப்ளீஸ்.