பச்சைத் திரை சரிவரவில்லை, அவசரம்

வெள்ளவத்தை_ஆசிரியை: நாளை மாலை 5 மணிக்கு இணைய வகுப்பு. மென்பொருள் பச்சையை நீக்கிப் பின்னால் வேறு படம் காட்டும் என்று, புறக்கோட்டையில் பச்சைத் துணி வாங்கிச் சுவரில் கட்டினேன். பாதி மறைகிறது, பாதி திட்டுத்திட்டாகத் தெரிகிறது. வேறு சிலதும் சேர்ந்து மறைகிறது. என்ன செய்யலாம்?

தெகிவளைவாசி: என்ன துணி? எந்த மென்பொருள்? துணிக்கும் உங்கள் கதிரைக்கும் எவ்வளவு தூரம்?

குறுக்குத்தெரு: துணிதான் காரணம், பந்தயம் கட்டுகிறேன். சாட்டினாக இருக்கும். பளபளக்கும் இடமெல்லாம் கமராவுக்கு வெள்ளை. கிளிப்பச்சைப் பருத்தி என்று கேட்டு வாங்குங்கள். பாசிப்பச்சை வேண்டாம்.

மூத்த_படப்பிடிப்பாளர்: இதை எத்தனை தடவைதான் எழுதுவது? வெளிச்சம்! திரைக்கு இரு பக்கமும் ஒரே வகை விளக்கு, ஆளுக்குத் தனி விளக்கு, ஆள் 6 அடி முன்னால். தேடிப் படித்துவிட்டுக் கேட்கலாம்.

தெகிவளைவாசி: ஐயா, வெள்ளவத்தைத் தொடர்மாடி அறையில் 6 அடி விட்டால் ஆசிரியை பல்கனியில் நின்றுதான் படிப்பிக்க வேண்டும்.

வெள்ளவத்தை_ஆசிரியை: சாட்டின்தான். ஓபிஎஸ். ஒன்றரை அடி. மேலே ஒரு டியூப்லைட். மின்விசிறி ஓடுகிறது.

தெகிவளைவாசி: மின்விசிறியை நிறுத்துங்கள், துணி அசைந்தால் மடிப்பெல்லாம் நிழல். இழுத்துக் கட்டி, கீழ் விளிம்பில் பாரம் வையுங்கள். ஒன்றரை அடியில் உங்கள் நிழல் துணியில் விழும், துணியின் பச்சை உங்கள் தோளில் விழும். 3 அடியாவது விடுங்கள். அது சரி, ‘வேறு சிலது’ என்றால் எது?

வெள்ளவத்தை_ஆசிரியை: இலை. உயர்தர உயிரியல் வகுப்பு. பலா இலையைப் பிடித்துக் காட்டினால் விரல்கள் மட்டும் நிற்கின்றன.

குறுக்குத்தெரு: அக்கா, இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! நீலத் துணி வாங்குங்கள்.

மூத்த_படப்பிடிப்பாளர்: நீலமா? கமரா சென்சரில் பாதிப் புள்ளிகள் பச்சைக்குரியவை. நீலத்தில் இரைச்சல், அதாவது படத்தில் புள்ளிப் புள்ளியாகத் தெரிவது, கூடும். ஓபிஎஸ்ஸில் ‘சிமிலாரிட்டி’ (திரை நிறத்துக்கு எவ்வளவு நெருங்கிய நிறம்வரை நீக்குவது என்ற அளவு) 400இல் இருக்கும், குறைத்தால் கரும்பச்சை இலை தப்பிவிடும்.

குறுக்குத்தெரு: படச்சுருள் காலத்தில் நீலத்தில்தானே எடுத்தார்கள்?

மூத்த_படப்பிடிப்பாளர்: அது படச்சுருள். இது கைத்தொலைபேசி. இரண்டும் ஒன்றென்று நினைப்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

குறுக்குத்தெரு: பேச்சில்லை என்று பேசுகிறீர்களே.

தெகிவளைவாசி: பலா இலை தப்பும், சரி. இளம் வாழைக்குருத்தைக் காட்டினால்? அது கிளிப்பச்சையேதான். நீலம்தான் வழி. ஓபிஎஸ்ஸில் திரை நிறத்தை நீலமாக மாற்ற மறக்காதீர்கள்.

வெள்ளவத்தை_ஆசிரியை: நீலப் பருத்தி கட்டினேன். இலை தெரிகிறது. மின்விசிறி இல்லாமல் வியர்த்துக் கொட்டியது. அடுத்த கிழமை செவ்வரத்தம்பூ. நன்றி.

மூத்த_படப்பிடிப்பாளர்: பச்சையிலும் வந்திருக்கும்.