புல் வெட்டும் பழைய டிராக்டருக்கு எந்த முன் டயர்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

பென்சில்வேனியா – ஃபோர்டு 8என்

வீட்டைச் சுற்றி மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே புல். வெட்டுவது 1951-ஆம் வருடத்து ஃபோர்டு 8என், பின்னால் ஐந்தடி புல்வெட்டி. இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன் டயர் இரண்டும்தான் பக்கச் சுவர் வெடித்து உள்நூல் தெரிகிறது. இந்தப் பருவத்துக்குள் மாற்றியே ஆக வேண்டும்.

இப்போது கிடப்பது கம்பெனியிலிருந்து வந்த அதே அளவு, 4.00-19, அதாவது நாலு அங்குல அகலம், 19 அங்குல ரிம். சைக்கிள் சக்கரம் மாதிரி உயரமாக, ஒல்லியாக இருக்கும். ஓடுதளத்தில் மூன்று வரி, நடுவரி மட்டும் தூக்கலாக. உழுத மண்ணில் வண்டி திருப்பிய பக்கம் போவதற்காகவே இப்படிச் செய்தார்கள், நடுவரி மண்ணைக் கிழித்துப் பிடித்துக்கொள்ளும். வயலில் நல்ல குணம், புல்தரையில் அதுதான் தொல்லை. ஏப்ரல், மே மாதங்களில் மண் ஊறிக் கிடக்கும்போது மேப்பிள் மரத்தைச் சுற்றித் திரும்பினால் பச்சையைக் கீறிக்கொண்டு இரண்டு கோடு விழுகிறது. கோடையில் மண் இறுகிய பிறகு அதே கோட்டின் குறுக்கே ஓட்டினால் இடுப்புக்குத் தெரியும்.

என் முன்னால் மூன்று வழி இருக்கிறது. அதே 19 அங்குல டயரைப் புதிதாக வாங்குவது, இன்றும் கிடைக்கிறது. அல்லது ரிம்மை மாற்றி 5.50-16 இல்லையென்றால் 6.00-16 போடுவது. உயரம் ஏறக்குறைய அதேதான், வண்டியின் நிலை மாறாது. மூன்றாவது, 15 அங்குல ரிம்மில் நல்ல அகலமான டயர். புல்லுக்கு எது சரி? கடைக்காரர் சொன்னதை விட்டுவிட்டு, ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்வதைத்தான் கேட்க ஆசை.

ஒன்ராறியோ – மாசி 135

எங்கட உழவு இயந்திரம் மாசி பெர்குசன் 135. வாங்கேக்க முன்னுக்கு 6.00-16 மூன்று வரி ரயர்தான் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால கழிவுநீர் வடிகட்டுற நிலம் இருக்கு, அதில புல் எப்பவும் செழிப்பு, மண் எப்பவும் மெத்து. பனி கரைஞ்சு ஒரு மாதத்துக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தைக் கொண்டுபோகவே பயம். நிலத்துக்குள்ள போட்ட குழாயும் பெரிய ஆழத்தில இல்லை.

பிறகு அகலமான எஃப்-3 ரயர் போட்டன். கட்டுமான வேலை இயந்திரங்களின்ர முன்சக்கரத்தில இருக்குமே, நாலைஞ்சு தட்டையான வரி, அதுதான். வித்தியாசம் உடனே தெரிஞ்சது. ஆனா காரணம் வரி மட்டுமில்லை. ஒரு ரயர் நிலத்தை எவ்வளவு அமத்துது எண்டது கிட்டத்தட்ட உள்ள இருக்கிற காத்தின்ர அளவுதான். ஒடுங்கின ரயரில காத்தைக் குறைச்சா அது நசுங்கி ரிம் அடிபடும். அகலமான ரயர் அதே பாரத்தைக் குறைஞ்ச காத்தோட தாங்கும். அதால அகலத்தை வாங்கிப்போட்டு, பழையபடி கல்லு மாதிரிக் காத்தடிச்சா அரைவாசிப் பிரயோசனம் போச்சு.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேணும். என்ர 135-க்கு பவர் ஸ்டியரிங் இருக்கு. உங்கட 8என்-க்கு இல்லை. அகல ரயரை நிண்ட இடத்தில திருப்பிப் பாருங்கோ, தோள்மூட்டு கதை சொல்லும். ரிம்மின்ர ஆஃப்செட்டையும், அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளுக்கு, வெளியால தள்ளி நிக்குது எண்டதையும் பாக்க வேணும். சக்கரம் வெளியால தள்ளி நிண்டா, ஒரு வேர் தட்டுப்பட்டாலும் ஸ்டியரிங் கையை உதறும். உள்ளுக்குத் தள்ளி நிண்டா, முழுசாத் திருப்பேக்க அச்சில இருந்து பின்னால போற கம்பியில உரசும்.

வட கரோலினா – ஃபோர்டு 8என்

நானும் 8என்காரன்தான். எல்லாரும் மூன்று வரியைத் திட்டுகிறீர்கள், அதற்காகக் கொஞ்சம் பேசிவிட்டுப் போகிறேன்.

எங்கள் இடம் சரிவு, சிவப்புக் களிமண். புல்தரைக்கென்றே வரும் வழவழப்பான டயரை முன்னால் போட்டிருந்தேன். சமதளத்தில் அருமை, ஒரு தடம்கூட விழவில்லை. ஒரு நாள் காலையில் பனி ஈரத்தோடு வெட்டிக்கொண்டிருந்தபோது, சரிவின் கீழ்ப்பக்கம் திரும்புவதற்காகப் பின்னாலிருந்த புல்வெட்டியை லிஃப்ட்டில் தூக்கினேன். அந்த எடை பின் அச்சுக்கு அப்பால் தொங்கும்போது முன்பக்கம் லேசாகிவிடும் என்பது தெரிந்ததுதான். ஸ்டியரிங்கைத் திருப்பினேன், சக்கரமும் திரும்பியது, வண்டி மட்டும் நேராக வேலியை நோக்கி வழுக்கிக்கொண்டு போனது. வலது பின்சக்கரத்துக்கான பிரேக்கை மட்டும் மிதித்துத் திருப்பி நிறுத்தினேன். 8என்-இல் இரண்டு பிரேக் பெடலும் வலது காலடியில் இருப்பது அன்றைக்கு வசதியாகப் போயிற்று.

அதன்பின் முன்னால் எடை கட்டினேன். திரும்பும்போது வெட்டியைத் தூக்குவதையும் விட்டுவிட்டேன், அதற்குத்தான் சொந்தச் சக்கரம் இருக்கிறதே. டயர் மட்டும் மறுபடியும் மூன்று வரிக்கே வந்துவிட்டது, ஆனால் 5.50-16. தடம் கொஞ்சம் விழத்தான் செய்கிறது. சரிவில் அது பரவாயில்லை. இந்தக் காலத்து வண்டிகள் ஓட்டுநர் தலைக்கு மேல் கம்பிக் கூண்டோடு வருகின்றன. நம்முடையதில் அது கிடையாது, கவிழ்ந்தால் நாம்தான் அடியில்.

பொள்ளாச்சி பக்கம் – மாசி 1035

தம்பி, நான் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்துப் புல்லை டிராக்டரில் வெட்டிக் கொடுப்பது நான்தான், அதனால் சொல்கிறேன்.

நம் ஊர் டிராக்டரில் பெரும்பாலும் 6.00-16 மூன்று வரிதான். நீங்கள் சொல்லும் தட்டை வரியெல்லாம் இந்த அளவில் கேட்டால் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார். அதனால் இங்கே இரண்டு கைவழி உண்டு. ஒன்று, தேய்ந்த டயர். வயலில் ஓடி வரி மழுங்கிப்போன ஜோடியை எறியாமல் வைத்திருந்து, மைதானத்துக்குப் போகும்போது மாட்டிக்கொள்வேன். பக்கச் சுவர் நன்றாக இருக்க வேண்டும், வரி இல்லாவிட்டால் சந்தோஷம். புது டயர் கீறுகிற இடத்தில் அது தடவிக்கொண்டு போகும்.

இரண்டாவது, ஜீப் டயர். பழைய ஜீப்புக்கும் இதே 6.00-16தான் அளவு. இரண்டாம் உலகப்போரில் வந்த வில்லிஸ் ஜீப்பிலேயே இதுதான். தரையில் பரவலாகப் பதியும், நடுவரித் தொல்லை இல்லை. புல் வெட்டுகிற மெதுவான ஓட்டத்துக்குத் தாராளமாகப் போதும். முன்னால் லோடர் மாட்டி மண் அள்ளுகிறவர்கள் இதை நினைக்கவே வேண்டாம், அந்தப் பாரத்துக்கு ப்ளை, அதாவது டயரின் உள்நூல் அடுக்கு, பத்தாது.

டியூப் போட்ட டயரில் காற்றை ரொம்பவும் இறக்கிவிடாதீர்கள். திரும்பும்போது டயர் ரிம்மில் நழுவும், டியூப்பும் கூடவே இழுபட்டு வால்வு அடியோடு பிய்ந்துவிடும். பஞ்சர் கடையில் முள் குத்தியதாக நினைத்துத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

அப்புறம் ஒன்று. டயருக்குக் காசு போடுமுன் முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சக்கரம் திரும்புகிற அச்சாணியான கிங் பின்னின் புஷ் தேய்ந்திருந்தால் சக்கரம் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு ஓடும். அப்போது எந்த டயரைப் போட்டாலும் புல்லை உரிக்கத்தான் செய்யும், பழி டயர் மேல் விழும்.

ஒன்ராறியோ – மாசி 135

ஜீப் ரயர் கதை நல்லாயிருக்கு அண்ணை. இஞ்ச பழைய ராணுவ ஜீப் வச்சிருக்கிற ஆக்களுக்கெண்டே அந்த அளவில புது ரயர் விக்கினம், எனக்கு இது தோணவேயில்லை. ஒரு சந்தேகம், இயந்திரத்தின்ர வயிற்றுக்கடியில புல்வெட்டி மாட்டினவைக்கு இது சரிவருமோ? அதுக்கு முன் ரயரின்ர உயரம் மாறினா வெட்டுற மட்டமும் சரிஞ்சிடுமே.

பொள்ளாச்சி பக்கம் – மாசி 1035

அப்படி மாட்டினவர்கள் பழைய டயரின் உயரத்தை அளந்துகொண்டுதான் வாங்க வேண்டும். பின்னால் மாட்டினால் பெரிய பிரச்சினை இல்லை, டாப் லிங்க்கை, அதாவது வெட்டியை மேலே பிடித்திருக்கும் திருகு கம்பியை, ஒரு சுற்றுத் திருகினால் சரியாகிவிடும்.

பென்சில்வேனியா – ஃபோர்டு 8என்

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை ஜாக்கி போட்டுப் பார்த்தேன். இடப்பக்கக் கிங் பின் புஷ் ஆடுகிறது, ஐயா சொன்னபடியே. முதல் செலவு அதற்குத்தான்.

எங்கள் இடம் பெரும்பாலும் சமதளம், அதனால் 16 அங்குல ரிம்மும் ஜீப் வகை 6.00-16 டயரும் என்று முடிவெடுத்திருக்கிறேன். 8என் முன் ஹப்பில் ஐந்து போல்ட், ஐந்தரை அங்குல வட்டம். பழைய ஜீப்புக்கும் அதே கணக்குதான், ஆகவே ரிம்கூடப் பழைய சாமான் கடையில் அகப்படலாம். ஆஃப்செட்டை அளந்து பார்த்துவிட்டே காசு கொடுப்பேன். 15 அங்குல அகல டயர் ஆசையை ஒன்ராறியோக்காரரின் தோள்மூட்டுக்காக விட்டுவிட்டேன்.

19 அங்குல ரிம் ஜோடியை விற்கப்போவதில்லை. பழைய டிராக்டர் கண்காட்சிக்கு வருகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது முன் சக்கரத்தைத்தான். வேறு அளவு போட்டிருந்தால் முகம் சுளிப்பார்கள்.