ஒரே வீட்டில் இரு காரணங்கள்: பால் ஒத்துக்கொள்ளாத எங்கள் அனுபவம்

பால் குடித்ததும் வயிறு உப்பி, இரைந்து, கழிச்சல் ஆகும் தொல்லை எனக்கும் இருந்தது, என் மகளுக்கும் வந்தது. ஆனால் இருவருக்கும் காரணம் வேறு என்பதைப் பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் விளக்கியபோதுதான் அறிந்தேன். சிறு பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு இது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் சிறுகுடலின் உட்சுவரில் சுரக்கும் லாக்டேஸ் நொதி குளுக்கோஸ், காலக்டோஸ் என இரண்டாகப் பிரித்தால்தான் அது இரத்தத்தில் கலக்கும். நொதி போதாவிட்டால் சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்குச் சென்று நீரை இழுத்துக்கொள்ள, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. பால்குடி மறந்தபின் இந்நொதி குறைந்துகொண்டே வருவது உலகில் பெரும்பாலோரின் பிறவி இயல்பு. சீனர்களிடமும் தென்னிந்தியர்களிடமும் இது மிகச் சாதாரணம். என் நிலையும் அதுவே. வெறும் வயிற்றில் ஒரு குவளைப் பால், அதாவது ஏறத்தாழ 12 கிராம் லாக்டோஸ், என்னை வருத்தும். காப்பிக்கடையில் பசியாறும்போது அருந்தும் ஒரு 'தே சி' (சுண்டவைத்த பால் சிறிதளவு சேர்த்த தேநீர்) ஒன்றும் செய்வதில்லை. தயிரிலுள்ள நுண்ணுயிர்களே லாக்டோஸின் ஒரு பகுதியைச் செரித்துவிடுவதால் தயிர்ச்சோற்றையும் நான் விடவில்லை.

மகளின் கதை வேறு. பாலர் பள்ளியில் பரவிய வயிற்றுப்போக்கு அவளையும் பிடித்தது. காய்ச்சல் தணிந்த பிறகும் பால் குடித்தால் மட்டும் கழிச்சல் நிற்கவில்லை. "இனி இந்தப் பிள்ளைக்குப் பாலே வேண்டாம்மா" என்றார் என் மாமியார். அக்கறையால் சொன்னதுதான். ஆனால் கிருமித்தொற்று குடலின் உட்சுவரைப் புண்படுத்தியதால் நொதி தற்காலிகமாகக் குறைந்துள்ளது என்றும், சுவர் ஆறியதும் அது திரும்பும் என்றும் மருத்துவர் கூறினார். லாக்டோஸ் நீக்கிய பாலைக் கொடுத்துவந்தோம். சில வாரங்களுக்குப் பின் வழக்கமான பாலைச் சிறிது சிறிதாகத் தொடங்கினோம். இப்போது அவள் இயல்பாகக் குடிக்கிறாள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையாக இருந்தால் இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

பால் குடித்தபின் தோலில் தடிப்போ, முகவீக்கமோ, மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் அது பால் புரதத்திற்கு எதிரான ஒவ்வாமையாக இருக்கலாம். லாக்டோஸ் நீக்கிய பாலிலும் அப்புரதம் உண்டு. ஆகவே அதைக் கொடுத்துப் பார்க்காமல், மூச்சுத் திணறினால் உடனே சிங்கப்பூரின் அவசர மருத்துவ உதவி எண்ணான 995-ஐ அழையுங்கள்.