அப்புத்தளைப் பக்கம் ஈரம் பிடிக்காத கிராமத்து வீடு தேவை

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து எழுதுகிறேன். பொங்கல் முடிந்த கையோடு, ஜனவரி 17, 18 இரண்டு இரவும் அப்புத்தளைப் பக்கம் தங்கவேண்டும், ஆறு பேர். அம்மாவுக்கு 68 வயது, முட்டு (ஆஸ்துமா) இருக்கிறது, இன்ஹேலர் பாவிக்கிறார். சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர், அந்த மலை ஆசை விடவில்லை.

போன ஜனவரியில் ஒரு கிராமத்து வீட்டில் தங்கினோம். அன்பான மனிதர்கள், சாப்பாட்டில் குறையே இல்லை. ஆனால் பின்னேரம் நாலு மணிக்கே மூட்டம் இறங்கி கதவிடுக்கால் உள்ளே வந்துவிட்டது, தலையணையைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டியது, சாமத்தில் அம்மாவுக்கு இழுக்கத் தொடங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

இந்த முறை ஐந்து வீடுகளுக்குப் போன் பண்ணிவிட்டேன். இரண்டில் சுடுதண்ணி இல்லை, ஒன்றுக்கு ரோட்டிலிருந்து அறுபது படி இறங்கவேண்டும், மற்ற இரண்டும் நிரம்பிவிட்டன. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல், ஜனவரியில் சில விடியலில் புல்லிலே உறைபனி பிடிக்கும், அது அம்மாவுக்குச் சரிவராது. செங்கலடி, பிபிலை, பதுளை வழியாக டொல்பின் வேனில் வருவோம், கம்பளி எங்களிடம் இருக்கிறது, மண்சரிவு எச்சரிக்கை வந்தால் திகதியையும் மாற்றுவோம்.

அப்புத்தளை அல்லது பண்டாரவளைப் பக்கம், படியில்லாத, சுடுதண்ணி உள்ள, ஜனவரிக் குளிரில் நீங்களே தங்கிப் படுக்கை காய்ந்திருந்ததைப் பார்த்த கிராமத்து வீடு ஏதாவது இருக்கிறதா?