வேண்டாம் என்ற சொல்லை என் மகனுக்கு எப்படி விளங்கவைப்பது?

வெள்ளவத்தைத் தாய்:
என் மகன் உயர்தரம் படிக்கிறான். ஒரு மாணவி தனியார் வகுப்பு முடிந்து வரும் நேரம் பார்த்து, மூன்று வாரங்களாகக் காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறான் என்று அவனுடைய நண்பன் மூலம் அறிந்தேன். விருப்பமில்லை என்று அந்தப் பிள்ளை இரண்டு தடவை சொல்லிவிட்டாள். இதைப் பற்றிக் கேட்டபோது அவன் வெட்கப்படவுமில்லை, கோபப்படவுமில்லை. "முதலில வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம் அம்மா, பிறகு மனம் மாறும்" என்று, பரீட்சைக்குப் பாடமாக்கிய விடையைப் போலச் சொன்னான். அவன் கெட்டவன் அல்லன். ஆனால் அவனை மடியில் வைத்துக்கொண்டு நான் பார்த்த படங்களில் இதுதானே நடந்தது, நானும் ரசித்துத்தானே பார்த்தேன் என்ற எண்ணம் என்னை உறங்கவிடவில்லை. படம் வேறு, வாழ்க்கை வேறு என்றால் சிரிக்கிறான். வேறு எப்படிச் சொல்வது?

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
காதலுக்காகத் தலைவன் பனைமடற் குதிரை ஏறி ஊர்நடுவே தன்னை வருத்திக்கொள்ளும் மடலேறுதலைக் காட்டி, "விடாமல் நிற்பது நம் மரபு" என்று வாதிட்ட மாணவர்களை வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன். மடலேறுவேன் என்று தலைவன் சொல்லும் பாடல்கள் குறுந்தொகையில் உண்டு என்பது உண்மையே. ஆனால் சொல்வதோடு நில்லாமல் உண்மையிலேயே ஏறிய மடலைத் தொல்காப்பியம், பொருந்தாக் காமமாகிய பெருந்திணையில் வைத்தது. ஒருவர் மட்டும் விரும்பும் கைக்கிளையும், இருவரும் ஒத்து விரும்பும் அன்பின் ஐந்திணைக்குப் புறம்பானதே. சொல்வது வேறு, ஒருத்தியின் பெயரை ஊர் வாயில் போடுவது வேறு என்பதை அந்த இலக்கணம் அறிந்திருந்தது என்றே நான் கொள்கிறேன். மேலும், அகப்பாடல்களில் பெரும்பகுதி தலைவியும் தோழியும் பேசுவன. இன்றைய நாயகிக்குத் தோழி இருந்தாலும், அவள் நாயகனின் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பதற்கே இருக்கிறாள்.

தெமட்டகொடை ரசிகன்:
ஆசிரியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பின்தொடரும் காட்சிகளைப் பெரும்பாலும் ஒரு பாட்டுக்குள் அடக்கிவிடுகிறார்கள். நாயகன் கோயிலிலும் பஸ்ஸிலும் கல்லூரி வாசலிலும் காத்து நிற்கும் மாதங்கள் எல்லாம் நல்ல இசையோடு நாலைந்து நிமிடங்களில் கடந்துபோகின்றன. முதற் சரணத்தில் முகம் சுளித்தவள் இரண்டாம் சரணத்தில் திரும்பிப் பார்க்கிறாள். இடையில் அவள் மனத்தில் என்ன நடந்தது என்று எழுதவேண்டிய பொறுப்பு திரைக்கதையாசிரியருக்கு இல்லாமற் போகிறது. அப்படி ஒரு பாட்டைச் சத்தத்தை நிறுத்திவிட்டு மகனோடு இருந்து பாருங்கள். 2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டபோது தமிழ்த் திரையுலகை நோக்கி எழுந்த கேள்வியும், பின்தொடர்வதைக் காதலாகக் காட்டலாமா என்பதுதான்.

மாற்றாகப் படங்கள் இல்லாமலில்லை. ருத்ரையாவின் 'அவள் அப்படித்தான்' 1978இல் வந்தது. தன் கசப்பையும் கோபத்தையும் தானே பேசும் ஒரு பெண்ணை அதில் காணலாம். அதற்கு முந்தைய ஆண்டு நம் இலங்கையில், யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் வைத்துத் தர்மசேன பத்திராஜ 'பொன்மணி'யைத் தமிழில் எடுத்தார். நாங்கள்தான் அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை.

பம்பலப்பிட்டி வாசகி:
எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது ஒருவர் ஏழு மாதங்கள் என்னைப் பின்தொடர்ந்தார். 100ஆம் இலக்க பஸ்ஸிலிருந்து அவரும் இறங்குவதைக் கண்டால், வீட்டு வழியைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று வீதியோர மருந்துக் கடைக்குள் நுழைந்துவிடுவேன். சும்மா நிற்க முடியாது என்பதால் ஒரு பனடோல் அட்டை வாங்குவேன். கடைசியில் என் மேசை லாச்சியில் பதினொரு அட்டைகள் சேர்ந்திருந்தன. படத்தில் அந்த ஏழு மாதங்கள் ஒரு பாட்டாக வந்திருக்கும். உங்கள் மகனிடம் அந்தப் பிள்ளையின் மனம் மாறுமா என்று விவாதிக்காதீர்கள். அவன் நிற்கும் அந்த இருபது நிமிடத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று கேளுங்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இன் திருத்தத்துக்குப் பின்னர், பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியிருக்கிறது என்பதும், 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

வெள்ளவத்தைத் தாய்:
நேற்றிரவு அந்தக் கேள்வியைக் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவள் இப்போது அந்தத் தரிப்பிடத்துக்கே வருவதில்லை, அடுத்த தரிப்பிடத்துக்கு நடந்து போகிறாள் என்றான். அவளுடைய பெற்றாரிடம் போய் நான் மன்னிப்புக் கேட்கட்டுமா?

பம்பலப்பிட்டி வாசகி:
தயவுசெய்து போகாதீர்கள். நான் ஏழு மாதங்களும் வீட்டில் வாய் திறக்காததற்கு ஒரே காரணம், சொன்னால் அவரை ஒன்றும் செய்யாமல் என் வகுப்பைத்தான் நிறுத்துவார்கள் என்பது. மகன் அந்தத் தரிப்பிடத்தை விட்டு விலகட்டும். அவள் பழையபடி அங்கேயே பஸ் ஏறட்டும்.