லெதர், மஷ்ரூம் பவளமெல்லாம் கல்லுல பிடிக்க மாட்டேங்குது, எப்படி வெக்கறதுங்க?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. திருப்பூர்ல கடல் பவளம் வளர்க்கற 3 அடி ரீஃப் தொட்டி. ஆர்ஓ தண்ணிதான், உப்புத்தண்ணி அடர்த்தி 1.025, சூடு 27 டிகிரி. காய்ஞ்ச கல்லு போட்டு சைக்கிள் (கழிவை மாத்தற பாக்டீரியா வளர்றது) முடிஞ்ச தொட்டி. இப்ப புதுசா வெட்டின சார்கோபைட்டான் லெதர் துண்டு ஒண்ணு (அடி 2 செ.மீ. அகலம் இருக்கும்), டிஸ்கோசோமா மஷ்ரூம் நாலு, கென்யா ட்ரீ கிளை ரெண்டு, பிளக்கோட (பவளத்தை ஒட்டி விக்கற, தண்டு வெச்ச சின்ன வில்லை) ஒரு ஜோவாந்தஸ் வந்திருக்குதுங்க, எல்லாம் சாஃப்ட் பவள வகைதான். சூப்பர் க்ளூ ஜெல்லுல ஜோவா பிளக் கெட்டியா நிக்குது. லெதரும் மஷ்ரூமும் விடிஞ்சு பார்த்தா மணல்ல கிடக்குது. க்ளூவை மாத்தோணுமா, முறையே வேறயா?

பவானி_ரீஃப்:
க்ளூ மேல குத்தமில்லைங்க. சாஃப்ட் பவளத்தைத் தொட்டாலோ வெட்டினாலோ கோழை விடும். ஜெல் ஒட்டறது சதைல இல்ல, அந்தக் கோழை மேல. கோழையை அது உரிச்சு விடறப்போ க்ளூவும் சேர்ந்து கழண்டுரும். அடிச்சதை அசையாம கல்லைத் தொட்டுட்டு இருந்தா அதுவே கல்லைப் பிடிச்சுக்கும். அதுவரைக்கும் தாங்கிப் பிடிக்கறதுதான் நம்ம வேலை.

லெதருக்கு: உள்ளங்கை அளவு சொரசொரப்பான கல்லு எடுங்க, நடுவுல சின்னப் பள்ளம் இருந்தா ரொம்ப நல்லது. அடித்தண்டுல, வெட்டுன இடத்துக்கு 1 செ.மீ. மேல, மர டூத்பிக்கைக் குறுக்கா ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் வாங்குங்க. ரெண்டு முனையும் வெளிய நீட்டிட்டு இருக்கோணும். வெட்டுன முகம் கல்லுல படற மாதிரி உக்கார வெச்சு, ரப்பர் பேண்டை ஒரு முனைல மாட்டி, கல்லுக்கு அடியில சுத்தி, மறுமுனைல மாட்டுங்க. பேண்டு டூத்பிக்கைத்தான் இழுக்கோணும், சதை மேல படக்கூடாது. சதையைச் சுத்திக் கட்டினா ரெண்டு நாள்ல அறுத்துக்கிட்டு உள்ள போயிரும். தூண்டில் நரம்பு அதைவிட மோசம், அதைத் தொடவே வேண்டாம்.

மிதமான தண்ணி ஓட்டம் இருக்கற எடத்துல வெச்சு 2 வாரம், சில சமயம் 3 வாரம் விடுங்க. நடுவுல சுருங்கி, மேல மெழுகு மாதிரி ஒரு தோல் வரும். அது நோய் இல்ல, லெதர் தோலுரிக்கறது. ஓட்டம் இல்லாத மூலைல வெச்சா அந்தத் தோல் போகாம அங்கயே அழுகல் ஆரம்பிக்கும். அடி கறுத்து, கொழகொழன்னு நாத்தம் வந்தா காத்திருக்காதீங்க. புது பிளேடுல நல்ல சதை வரைக்கும் வெட்டி எறிஞ்சுட்டு மறுபடி மாட்டுங்க. வெட்டுன லெதர் தண்ணில விஷச் சாறு விடும், பக்கத்துல ஹார்டு பவளம் (கல்லு மாதிரி கூடு கட்டறது) இருந்தா பாதிக்கும். ஒரு வாரம் ஆக்டிவேட்டட் கார்பன் ஓட விடுங்க.

உப்புத்தண்ணி_கோவை:
மஷ்ரூமுக்கு டூத்பிக் ஆகாதுங்க, கிழிஞ்சு போகும். பழைய ஐஸ்கிரீம் டப்பாவுல 1, 2 செ.மீ. உடைசல் கல்லு ரெண்டு விரல் உசரம் பரப்பி, அது மேல மஷ்ரூமை அடிப்பக்கம் கீழ இருக்கற மாதிரி வைங்க. எது அடின்னு தெரியலைன்னா நடுவுல வாய் தெரியற பக்கம் மேல. டப்பா வாயை நெட் துணியால மூடி ரப்பர் பேண்டு போட்ருங்க. திருப்பூர்ல நெட் துணிக் கட் பீஸுக்கு என்ன பஞ்சம்? சாயம் போடாத வெள்ளையா, கொசுவலை அளவு கண்ணு இருக்கறதாப் பாத்து வாங்கி, வெந்நீர்ல அலசிட்டுப் போடுங்க. மூடாம விட்டா மஷ்ரூம் பலூன் மாதிரி ஊதி மிதந்து போய் பம்புல சிக்கும். அப்படிச் சிக்கி மஷ்ரூம் செத்துப் போகும்.

டப்பாவை வெளிச்சமும் ஓட்டமும் கம்மியான கீழ் பாகத்துல வைங்க. ஒரு வாரம் பத்து நாள்ல ஏதாவது ஒரு துண்டுக் கல்லைப் பிடிச்சிருக்கும். இப்பத்தான் ஜெல்லுக்கு வேலை: மஷ்ரூமை விட்டுட்டு அந்தத் துண்டுக் கல்லை ஒட்டுங்க. கல்லோட அடியைத் துணில ஒத்தி, நிலக்கடலைப் பருப்பு அளவு ஜெல் வெச்சு, தண்ணிக்குள்ள கொண்டு போய் அழுத்தி லேசாத் திருகுங்க. தண்ணி பட்ட ஒடனே ஜெல் மேல ஏடு கட்டும், திருகினாத்தான் ஏடு உடைஞ்சு உள்ள இருக்கறது கல்லைப் பிடிக்கும். அரை நிமிசம் பிடிச்சுட்டு, பம்பை 10, 15 நிமிசம் நிறுத்தி வைங்க. ஒட்டற எடத்துல பாசி இருந்தா முன்னாடியே டூத்பிரஷ்ல தேய்ச்சுருங்க, இல்லைன்னா பாசியோட சேர்ந்து வந்துரும். தண்ணி மாதிரி ஓடற சாதா க்ளூ இதுக்கு ஒதவாது.

கென்யா ட்ரீக்கு இவ்வளவு பாடு வேண்டாம். கல்லு இடுக்குல சொருகி, சுத்தி ரெண்டு துண்டுக் கல்லை முட்டுக் கொடுத்தா சில நாள்ல பிடிச்சுக்கும்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க. பெரிய கல்லுன்னா ஜெல் மட்டும் தாங்குமா? எபாக்ஸி (பிசைஞ்சு ஒட்டற ரெண்டு நிறப் பசை) போடலாமா? ஜோவாவையும் பிளக்குல இருந்து பேத்துக் கல்லுல வெக்கலாம்னு இருக்கறேன்.

பவானி_ரீஃப்:
பெரிய கல்லுக்கு ஜெல், எபாக்ஸி, ஜெல்னு மூணு அடுக்கா வைங்க. எபாக்ஸி கல்லு வடிவத்துக்கு அமுங்கி இடுக்கை நிரப்பும், ஆனா தண்ணிக்குள்ள பசை கம்மி. பசைக்குத்தான் ரெண்டு பக்கமும் ஜெல். ரெண்டு நிறமும் ஒண்ணாகற வரைக்கும் பிசையுங்க. கடல் தொட்டிக்குன்னு வர்றதா வாங்குங்க, குழாய் ஓட்டை அடைக்கறது வேண்டாம். ஒரு தடவைக்கு நெல்லிக்கா அளவு போதும். கழிவை நுரையா எடுக்கற ஸ்கிம்மர் நுரைச்சு வழியும், ராத்திரி வரைக்கும் நிறுத்தி வைங்க.

மல்லிசேரி:
ஜோவாவைப் பேக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க, தயவுசெஞ்சு. ஜோவா, அதோட சொந்தக்கார வகையான பாலித்தோவாவுல பாலிடாக்சின்ங்கற கடுமையான விஷம் இருக்கலாம். எதுல எவ்வளவுன்னு பார்த்துச் சொல்ல முடியாது. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடாம தொடாதீங்க, கைல வெட்டுக்காயம் இருந்தா அன்னிக்கு அந்த வேலையே வேண்டாம். வெட்டறப்போ சாறு கண்ணுல தெறிக்கும். ஜோவா இருக்கற கல்லைக் கொதிக்க வெக்கவே கூடாது, வெந்நீர் ஊத்தியும் தேய்க்கக் கூடாது. ஆவில போற விஷம் வீட்டுல இருக்கற எல்லாரையும் படுக்க வெச்சுரும். குழந்தைகளையும் நாயையும் அக்கட்ட அனுப்பிட்டு உக்காருங்க. வாயில உலோக ருசி, காய்ச்சல், மூச்சுத் திணறல் எது வந்தாலும் ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போய் "பாலிடாக்சின்"னு பேரைச் சொல்லுங்க, டாக்டர் தானா யூகிக்க மாட்டார்.

என்னைக் கேட்டா பேக்கவே வேண்டாம். பிளக்கோட தண்டை கட்டிங் பிளேயர்ல நறுக்கிட்டு, தட்டை பாகத்தை அப்படியே ஜெல்லுல ஒட்டுங்க. சில மாசத்துல ஜோவா பிளக்கைத் தாண்டிக் கல்லுக்கு எறங்கிரும்.

இன்னொண்ணு: இந்த வேலையெல்லாம் சித்திரை வெயில்ல வெச்சுக்காதீங்க. மதியம் தொட்டி 30 டிகிரி தாண்டறப்போ வெட்டுன லெதர் பிடிக்கறதுக்கு முன்னாடி அழுகும். தண்ணியைக் குளிர வெக்கற சில்லர் இல்லைன்னா சம்ப் (கீழ இருக்கற வடிகட்டித் தொட்டி) மேல ஃபேன் வெச்சா 2, 3 டிகிரி கொறையும். ஆவியாகற தண்ணிக்கு ஆர்ஓ தண்ணியே ஊத்தோணும், நம்மூரு போர்த் தண்ணி ஆகாது.

நொய்யல்கரை:
சரிங்க, ஜோவா பிளக்கோடயே இருக்கட்டும். லெதர் பிடிச்ச பொறகு டூத்பிக்கை உருவிரலாமுங்களா?

பவானி_ரீஃப்:
உருவாதீங்க, புதுச்சதை கிழியும். பேண்டை மட்டும் வெட்டி எடுத்துட்டு, வெளிய நீட்டற முனையைச் சதையை ஒட்டி நறுக்கிருங்க. உள்ள இருக்கற குச்சியைச் சதை மூடிக்கும்.